உற்று நோக்கிய கண்கள்

கென்யாவின் தலைநகரமான நைரோபியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு மனிதரின் சிலை நிறுவப்பட்டுள்ளது. தரையில் அமர்ந்து, கையில் ஏந்திய கல்லைக் கூர்ந்து பார்க்கும் தோற்றம் அது. அந்தச் சிலைக்குரியவர் டாக்டர் லூயிஸ் லீக்கி. மனித இனத்தின் தொடக்கத்தைத் தேடித் தம் வாழ்நாள் முழுவதும் மண்ணைத் தோண்டியவர். காட்டில் வாழும் சிம்பன்சிகளைப் பல ஆண்டுகள் அருகிலிருந்து கவனிக்கும் ஆய்வுக்கு வழி திறந்துவிட்டவரும் அவரே.

லூயிஸ் லீக்கி 1903ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்கள் 7ஆம் நாள் நைரோபிக்கு அருகில் உள்ள கபெத்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் இங்கிலாந்திலிருந்து சென்ற சமயப் பணியாளர்கள். அவ்வூரில் வாழ்ந்தவர்கள் கிக்குயு இன மக்கள். லூயிஸ் கிக்குயுச் சிறுவர்களோடு விளையாடி, அவர்கள் மொழியைத் தாய்மொழிபோல் பேசி வளர்ந்தார். விலங்குகளின் காலடித் தடங்களைப் பார்த்து அவற்றின் போக்கை அறியவும், ஓசையின்றி நெடுநேரம் காத்திருக்கவும் அவர்களிடமே கற்றுக்கொண்டார்.

ஏறக்குறைய பதின்மூன்று வயதில், கற்கால மனிதர்களைப் பற்றிய சிறுவர் நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்த பிறகு, வழியில் கிடந்த கறுப்பு நிறக் கற்சில்லுகளை அவர் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார். எரிமலைக் கண்ணாடியால் ஆன அந்தச் சில்லுகளைச் சேர்த்துக்கொண்டு, நைரோபி அருங்காட்சியகத்தின் காப்பாளரிடம் காட்டினார். அவற்றுள் சில, முற்கால மனிதர்கள் செய்த கருவிகளே என்று காப்பாளர் உறுதிப்படுத்தினார். அன்று முதல் லூயிஸின் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. மனிதன் ஆப்பிரிக்காவில்தான் தோன்றியிருக்க வேண்டும் என்பதே அது.

பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1923இல் ரக்பி ஆட்டத்தின்போது தலையில் பலத்த அடிபட்டது. படிப்பைச் சில காலம் நிறுத்திவைக்கும்படி மருத்துவர்கள் கூறினர். லூயிஸ் அந்த இடைவெளியை வீணாக்கவில்லை. தங்கனீக்காவில் டைனோசர் எலும்புகளைத் தேடிச் சென்ற ஒரு குழுவில் சேர்ந்து, அகழ்வாய்வுப் பணியை நேரில் கற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிச் சிறப்பான தேர்ச்சி பெற்றார்.

அக்காலத்தில் அறிஞர்கள் பலர், மனித இனம் ஆசியாவில் தோன்றியது என்று நம்பினர். ஆப்பிரிக்காவில் தேடுவது காலத்தை வீணாக்குவதாகும் என்று லூயிஸுக்கு அறிவுரை கூறினர். அவர் அதை ஏற்கவில்லை. 1931இல் தங்கனீக்காவில் உள்ள ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கை அடைந்தார். அங்குச் சென்ற ஒரு நாளுக்குள்ளேயே பழங்காலக் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார்.

வெற்றி எளிதில் வந்ததால் அவருக்கு அவசரமும் வந்தது. 1932இல் கென்யாவின் மேற்குப் பகுதியில் உள்ள கானம் என்னும் இடத்தில் ஒரு தாடை எலும்பு கிடைத்தது. அது மிகப் பழைமையான மனித மூதாதையருடையது என்று அவர் அறிவித்தார். ஐயம் கொண்ட நிலவியல் அறிஞர் ஒருவர், அந்த இடத்தை நேரில் பார்க்க 1935இல் ஆப்பிரிக்காவுக்கு வந்தார். ஆனால், எலும்பு கிடைத்த இடத்தை லூயிஸால் சரியாகக் காட்ட முடியவில்லை. அடையாளத்திற்காக நட்டுவைத்த இரும்பு முளைகளை அப்பகுதி மக்கள் தங்கள் தேவைக்குப் பிடுங்கிச் சென்றிருந்தனர். எடுத்துவைத்திருந்த புகைப்படமும் வேறோர் இடத்தைக் காட்டியது. வந்தவர் தாம் கண்டதை அறிவியல் இதழில் எழுதிவிட்டார். கேம்பிரிட்ஜில் லூயிஸுக்கு இருந்த நன்மதிப்பு சரிந்தது.

கண்ணால் கண்டது மட்டும் அறிவியல் ஆகாது. எங்கே, எப்போது, எப்படிக் கண்டோம் என்று பிறர் சரிபார்க்கும் வகையில் பதிவுசெய்தால்தான் அது சான்றாகும். இந்தப் பாடத்தை லூயிஸ் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றார். ஆயினும், அவர் தம் தேடலைக் கைவிடவில்லை. 1936இல் மேரி என்னும் தொல்லியல் அறிஞரை மணந்தார். மேரி எதையும் நுணுக்கமாக அளந்து, வரைந்து, குறித்துவைக்கும் இயல்புடையவர். பின்னர் லூயிஸ் நைரோபி அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பணியேற்றார். கிடைத்த விடுமுறைகளில் எல்லாம் இருவரும் அகழ்வாய்வுக்குச் சென்றனர்.

1959ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் லூயிஸ் காய்ச்சலால் கூடாரத்தில் படுத்திருந்தார். மேரி மட்டும் ஓல்டுவாய்ச் சரிவில் தேடிக்கொண்டிருந்தார். அப்போது மண்ணிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு மண்டையோட்டின் பகுதி அவர் கண்ணில் பட்டது. செய்தியைக் கேட்டதும் லூயிஸ் நோயையும் மறந்து எழுந்து ஓடினார். நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைந்திருந்த அதனைப் பொறுமையாக ஒட்டிச் சேர்த்தனர். அது ஏறத்தாழ 17 இலட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகள் பழைமையானது என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. அந்த உயிரினம் நம்முடைய நேரடி மூதாதை அன்று எனினும், ஆப்பிரிக்காவை நோக்கி உலகின் பார்வையைத் திருப்பியது அந்த மண்டையோடே. லூயிஸ் முதன்முதலில் ஓல்டுவாயில் காலடி வைத்து அப்போது 28 ஆண்டுகள் கடந்திருந்தன.

எலும்பு கிடைத்துவிட்டது, கருவி கிடைத்துவிட்டது. ஆனால், ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. அந்த முன்னோர் எப்படி வாழ்ந்தனர்? பிள்ளைகளை எப்படி வளர்த்தனர்? ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினர்? எலும்புகள் இவற்றைச் சொல்வதில்லை. லூயிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். மனிதனுக்கு நெருங்கிய உறவான சிம்பன்சியும் மனிதனும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து வந்தவர்கள். ஆகவே, இருவரிடமும் இன்று காணப்படும் பொதுவான பழக்கங்கள் அந்த மூதாதையிடமும் இருந்திருக்கலாம் என்று அவர் கருதினார். அதை அறிய வேண்டுமானால் சிம்பன்சிகளைக் கூண்டில் பார்த்தால் போதாது. காட்டில், அவற்றின் வீட்டிலேயே, ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். அதற்குமுன் காட்டில் நடந்த சிம்பன்சி ஆய்வு ஒன்று மூன்று மாதங்கள்கூட நீடித்ததில்லை.

இத்தகைய வேலைக்கு யார் பொருத்தமானவர்? 1957இல் ஜேன் குட்டால் என்னும் 23 வயது இங்கிலாந்துப் பெண் அருங்காட்சியகத்திற்கு வந்து லூயிஸைச் சந்தித்தார். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை; விலங்குகள்மீது தீராத அன்பு மட்டும் இருந்தது. லூயிஸ் அவரைச் செயலாளராக அமர்த்திக்கொண்டார். அவருடைய பொறுமையையும் கூர்ந்து நோக்கும் ஆற்றலையும் கண்டபின், சிம்பன்சி ஆய்வுக்கு அவரையே அனுப்பத் தீர்மானித்தார். முன்கூட்டியே படித்த கோட்பாடுகள் கண்ணை மறைக்காத ஒருவரே தமக்குத் தேவை என்று அவர் எண்ணினார்.

பலர் இதைக் கேட்டு நகைத்தனர். பட்டம் பெறாத இளம்பெண்ணைக் காட்டுக்கு அனுப்புவது அறிவீனம் என்றனர். பெண் ஒருவர் தனியாகத் தங்க அரசு அதிகாரிகளும் இசையவில்லை. எனவே, ஜேனின் தாயாரும் உடன் செல்ல முன்வந்தார். அமெரிக்காவில் கருவிகள் தயாரிக்கும் தொழிலதிபர் ஒருவரின் அறநிறுவனம், ஆறு மாத ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. 1960ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் ஜேன், தங்கனீக்கா ஏரிக்கரையில் உள்ள கோம்பே காட்டில் இறங்கினார்.

இந்த முயற்சி தோற்றிருந்தால், லூயிஸின் பெயர் இரண்டாம் முறையாகக் கெட்டிருக்கும். முதல் சில மாதங்கள் அப்படித்தான் தோன்றின. மனித வாடை பட்டாலே சிம்பன்சிகள் ஓடி மறைந்தன. தாயும் மகளும் மலேரியாக் காய்ச்சலில் வீழ்ந்தனர். கையிருப்பும் கரைந்துகொண்டே வந்தது. ஆயினும், ஜேன் நாள்தோறும் விடியற்காலையில் குன்றின்மேல் ஏறி அமர்ந்தார். தொலைநோக்கியில் கண்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார்.

அதே ஆண்டு நவம்பர்த் திங்களில் பலன் கிட்டியது. தாடை நரைத்த ஓர் ஆண் சிம்பன்சி கறையான் புற்றின் அருகே அமர்ந்திருந்தது. அது புல் தண்டைப் புற்றின் துளைக்குள் விட்டு, அதைப் பற்றிக்கொண்ட கறையான்களோடு வெளியே இழுத்துத் தின்றது. இலைகள் கொண்ட சிறு கிளைகளை உருவி, அவற்றைக் கருவியாக்கிக்கொள்ளும் பழக்கமும் சிம்பன்சிகளிடம் காணப்பட்டது. கருவி செய்யும் ஒரே உயிர் மனிதனே என்று அதுவரை உலகம் நம்பியிருந்தது. ஜேனின் செய்தி கிடைத்ததும் லூயிஸ் பெரிதும் மகிழ்ந்தார். இனி, கருவி என்பதற்கோ மனிதன் என்பதற்கோ புதிய விளக்கம் தேவை. இல்லையேல், சிம்பன்சியையும் மனிதனாக ஏற்க வேண்டும் என்று அவர் பதில் அனுப்பினார்.

அதன்பின் ஆய்வுக்குத் தொடர்ந்து நிதி கிடைத்தது. அறிவியல் உலகம் ஜேனின் பணியை மதிக்க வேண்டுமானால் அவருக்கு உயர்கல்வி தேவை என்பதையும் லூயிஸ் உணர்ந்திருந்தார். ஆகவே, இளநிலைப் பட்டம் இல்லாமலேயே ஜேன் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஏற்பாடு செய்தார். லூயிஸின் மதிப்பு சரிந்த அதே பல்கலைக்கழகம், அவர் தேர்ந்தெடுத்த மாணவியை வரவேற்றது.

லூயிஸ் அத்துடன் நின்றுவிடவில்லை. மலைக் கொரில்லாக்களை ஆராய டயான் ஃபாசி என்பவரை 1967இல் அனுப்பினார். ஓராங் ஊத்தான்களை ஆராய விரும்பிய பிருத்தே கல்டிகாஸ் என்னும் மாணவியை அவர் சீட்டுக்கட்டைக் கொண்டு சோதித்தார். சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி, எவை சிவப்பு, எவை கறுப்பு என்று கேட்டார். மாணவியால் அதைச் சொல்ல முடியவில்லை. ஆனால், பாதிச் சீட்டுகள் சற்றே வளைந்திருப்பதை அவர் கவனித்துக் கூறினார். லூயிஸுக்கு வேண்டியதும் அந்தக் கவனமே. 1971இல் பிருத்தே போர்னியோத் தீவின் காட்டை அடைந்தார். சபாவும் சரவாக்கும் அமைந்திருக்கும் அதே தீவின் தென்பகுதியில் அவருடைய ஆய்வு தொடங்கியது.

அவ்வாய்வின் பயனை முழுமையாகக் காண லூயிஸுக்கு வாய்க்கவில்லை. முதுமையில் நோயுற்றபோதும், ஆய்வுகளுக்கு நிதி திரட்ட நாடு நாடாகச் சென்று உரையாற்றினார். அத்தகைய பயணம் ஒன்றின் இடையே, 1972ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 1ஆம் நாள் இலண்டனில் மாரடைப்பால் காலமானார். ஜேன் குட்டாலும் 2025ஆம் ஆண்டு அதே அக்டோபர் 1ஆம் நாள், உரையாற்றும் பயணத்தின்போதே மறைந்தார்.

ஆறு மாதப் பணத்தில் தொடங்கிய கோம்பே ஆய்வு, அறுபது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடைபெறுகிறது. அன்று குட்டிகளாக இருந்த சிம்பன்சிகளின் வழிவந்தவற்றை இன்றைய ஆய்வாளர்கள் பின்தொடர்கின்றனர். நோய், உறவுமுறை, காடழிப்பின் விளைவு ஆகியவற்றைக் குறித்துவைக்கின்றனர். தொடக்க நாள் குறிப்பேடுகள் இருப்பதால்தான் மூன்று தலைமுறைகளை அவர்களால் ஒப்பிட முடிகிறது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் முன்னோர் வாக்கு. லூயிஸ் லீக்கி பூமியை ஆளவில்லை. அதன் பழங்கதையை அறிய முயன்றார். அவசரத்தால் ஒருமுறை வீழ்ந்த அவர், பொறுமையால் மீண்டும் எழுந்தார். பிறர் பட்டத்தைத் தேடியபோது அவர் கவனத்தைத் தேடினார். அவர் நம்பிக்கை வைத்த கண்கள், மனிதன் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றிவிட்டன.