இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை... ஆனாலும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்! யார் இந்த டாக்டர் மேரி வர்கீஸ்?

ஆரணியில் பஸ் ஏறி வேலூர் போகிறவர்களுக்குத் தெரியும். கண்ணமங்கலம், அடுக்கம்பாறை எல்லாம் தாண்டி, வேலூர் டவுனுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே பாகாயம் வந்துவிடும். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம். வேலூர்க்காரர்கள் இந்தச் சாலையை 'ஆரணி ரோடு' என்றே சொல்வார்கள். இங்கேதான் 1966-ல் ஒரு மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து, 'இனிமே நம்மால எழுந்திரிக்கவே முடியாதா?' என்று கேட்டவர்களுக்கான இடம் அது. அதை முன்னின்று உருவாக்கிய டாக்டரும் வீல்சேரில்தான் இருந்தார்.

அவர் பெயர் மேரி வர்கீஸ். அவர் இறந்து கிட்டத்தட்ட 40 வருஷம் ஆகிவிட்டது. வேலூரில் அவர் பெயரில் மையமே இருக்கிறது. ஆனால் பக்கத்து ஊர்க்காரர்களில் பலருக்கு அவர் கதை முழுசாகத் தெரியாது.

ஆரணி நெசவாளர் வீட்டுக்கு இந்தக் கதை ஏன் முக்கியம்? குழித்தறியில் உட்காருபவருக்கு கால் குழிக்குள் மிதியை அழுத்த வேண்டும், கை நாடாவை ஓட்ட வேண்டும், அறுந்த பட்டு இழையை விரல் நுனியால் தேடிப்பிடித்து முடிச்சு போட வேண்டும். இதில் ஒன்று போனாலும் தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலி இல்லை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் மற்றவர்களுக்கு நிம்மதி வந்துவிடும். நெசவாளருக்கு, மறுபடி குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்த பிறகுதான் வரும். இந்த இடைவெளியைத்தான் மேரி வர்கீஸ் தன் வாழ்க்கை முழுக்கப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்.

கொச்சியில் இருந்து வேலூருக்கு

1925 மே மாதம் கொச்சியில் வசதியான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் மேரி. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு மருத்துவம் படிக்க வந்தார். ஐடா ஸ்கடர் பெண்களுக்காக 1918-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி வளர்ந்து கல்லூரியாகியிருந்த காலம். அப்போது வேலூர், ஆரணி இரண்டுமே வடஆற்காடு மாவட்டம்.

மேரி வந்த அதே வருஷம்தான் பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை சிகிச்சை டாக்டரும் வேலூர் வந்து சேர்ந்தார். அவர் பிறந்தது நம்ம கொல்லிமலையில். இந்த இரண்டு பேரின் பாதையும் பிறகு எப்படி ஒன்று சேரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. மேரிக்கோ பிரசவம், பெண்கள் மருத்துவம் பக்கம் போக வேண்டும் என்பதுதான் ஆசை.

1954 ஜனவரியில் என்ன நடந்தது?

படிப்பை முடித்து டாக்டராக வேலை பார்க்கத் தொடங்கிய சமயம். இளம் டாக்டர்கள் சிலர் சேர்ந்து ஒரு வண்டியில் வெளியே கிளம்பினார்கள். வண்டி வழியில் கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதைவிட மோசம், முதுகுத்தண்டில் அடி. உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வயது 28.

இன்றைக்கு இதைப் படிக்கும்போது 'வீல்சேர் வாழ்க்கை' என்று சுலபமாக நினைத்துவிடுவோம். அன்றைய நிலைமை வேறு. முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலர் அந்த அடியால் சாகவில்லை, அதற்குப் பிறகு வந்த படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் செத்தார்கள். உணர்வு இல்லாத உடம்பில் ஒரே பக்கம் படுத்தால் தோல் அழுகுவதுகூடத் தெரியாது. ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் ஒருவர் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர், மலம் இரண்டுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944-ல்தான் இதற்கென்று தனிப்பிரிவு தொடங்கியிருந்தார். நம்ம நாட்டில் இப்படிப்பட்டவர்கள் வீட்டு மூலையில் கிடப்பதுதான் வழக்கம்.

மேரி மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தார். டாக்டராக இருந்தவர் நோயாளியானார். தனக்கு என்ன ஆகிவிட்டது, இனி என்ன ஆகாது என்பது மற்ற நோயாளிகளைவிட அவருக்குத் தெளிவாகத் தெரியும். அது ஆறுதலா, கூடுதல் தண்டனையா? என்னைக் கேட்டால், ஆரம்பத்தில் தண்டனையாகத்தான் இருந்திருக்கும்.

உட்கார்ந்துகொண்டே ஆபரேஷன் செய்ய முடியுமா?

இங்கேதான் பால் பிராண்ட் வருகிறார். அப்போது அவர் செய்துகொண்டிருந்த வேலையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

வடஆற்காடு பகுதியில் அந்தக் காலத்தில் தொழுநோய் அதிகம். மருந்து வந்துவிட்டது, கிருமியைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் நரம்பு கெட்டுப்போய் விரல்கள் கொக்கி மாதிரி வளைந்து நின்றுவிடும். நோய் அடங்கினாலும் அந்தக் கையைப் பார்த்தாலே ஊர் ஒதுக்கிவிடும், வேலையும் கிடைக்காது. கையில் உணர்வு இல்லாததால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. விரல்கள் 'தானாக விழுகின்றன' என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அது நோய் தின்பதால் மட்டும் அல்ல, வலி தெரியாமல் படும் காயங்களால் என்று எடுத்துக்காட்டியவர் பிராண்ட்.

வளைந்த விரலுக்கு அவர் செய்த வைத்தியம் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை. எலும்போடு தசையை இணைக்கும் நார்தான் தசைநாண். கையில் நல்லா வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, வேறு வழியாக ஓட்டி, செயலிழந்த விரல்களில் தைப்பார்கள். நெசவாளருக்கு இதைப் புரிய வைப்பது சுலபம்: ஓர் இழையை எடுத்து வேறொரு புணியில் கட்டுவது மாதிரி. ரொம்ப இறுக்கிக் கட்டினாலும் தப்பு, தளர்வாக விட்டாலும் தப்பு.

ஆபரேஷனோடு முடியாது. சில வாரம் மாவுக்கட்டு. பிறகு பயிற்சி. முன்பு வேறு வேலை பார்த்த தசை, இப்போது விரலை நீட்ட வேண்டும் என்று மூளைக்கே புதுசாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இந்த ஆபரேஷனில் ஒரு வசதி உண்டு. நோயாளியின் கையை ஒரு சின்ன மேஜையில் நீட்டி வைத்துவிட்டு டாக்டர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். கால் வேண்டாம், கை இருந்தால் போதும். மேரியின் கைகள் நல்லா இருந்தன. இந்த வேலையை எடுத்துக்கொள்ளும்படி பிராண்ட் ஊக்கப்படுத்தினார்.

மேரி வீல்சேரில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார். மணிக்கணக்கில் நிமிர்ந்து உட்கார்வதே அவருக்குப் பெரிய பாடு. முதுகில் வலி, கீழே உணர்வில்லை. எதிரே மேஜையில் இருந்த கையிலும் உணர்வில்லை. ஆபரேஷன் செய்பவர், செய்துகொள்பவர் இருவருக்குமே உடம்பின் ஒரு பகுதி எதையும் சொல்லாது. படுக்கைப்புண் வராமல் தன் உடம்பைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காப்பாற்ற வேண்டிய மேரிக்கு, 'கையை தினமும் பார், சூடான பாத்திரத்தைத் துணியோடு பிடி' என்று தொழுநோயாளிக்குச் சொல்லப் புத்தக அறிவு தேவைப்பட்டிருக்காது. மற்ற டாக்டர் சொல்வதற்கும் இவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்திருக்கும் இல்லையா?

'ஆபரேஷன் சக்சஸ்' ஆனா போதுமா?

கைகளைச் சரிசெய்துகொண்டே இருந்திருந்தாலே அவர் கதை பெரிய கதைதான். ஆனால் மேரி அங்கேயே நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தன்னைப் போலவே முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு சிகிச்சையை நேரில் பார்த்தார், பயிற்சி எடுத்தார். படுக்கையில் இருந்து வீல்சேருக்கு யார் உதவியும் இல்லாமல் மாறுவது எப்படி, சிறுநீர்ப்பையைப் பராமரிப்பது எப்படி, வேலைக்குத் திரும்புவது எப்படி என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. வீட்டு மூலையில் கிடப்பது விதி அல்ல, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்பது அங்கே தெரிந்தது.

அடுத்து நியூயார்க். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களை வைத்து மறுவாழ்வு மருத்துவத்தையே ஒரு தனித் துறையாக வளர்த்த ஹோவர்ட் ரஸ்க்கின் மையத்தில் படித்தார். வீல்சேரில் இருந்த ஒரு பெண் டாக்டர், விமானப் பயணம் இன்றைக்குப் போல இல்லாத காலத்தில், கண்டம் விட்டுக் கண்டம் போய்ப் படித்திருக்கிறார்.

வேலூர் திரும்பி 1963-ல் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அதே வருஷம் அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். மூன்று வருஷம் கழித்து, முதலில் சொன்ன பாகாயம் மையம். நோயாளிகள் அங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கும் மறுவாழ்வு மையங்களில் நாட்டிலேயே முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள்.

'கால் கட்டு பிரிச்சாச்சு, வீட்டுக்குப் போங்க' என்பதோடு முடியாத சிகிச்சை அது. வீட்டில் படி இருக்கா, கழிப்பறை எப்படி, முன்னால் என்ன வேலை பார்த்தாய், அதே வேலைக்குப் போக முடியுமா, முடியாவிட்டால் வேறு என்ன என்று போகும் கேள்விகள். பிசியோதெரபி, தொழில்வழிப் பயிற்சி, செயற்கைக் கால், காலிபர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வர வேண்டும் என்பதுதான் மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படை. இன்றைக்கும் இடுப்பெலும்பு, முழங்கால் ஆபரேஷன் செய்துகொள்ளும் எத்தனையோ பேர், ஆபரேஷனுக்குக் கடன் வாங்குவார்கள், பிசியோதெரபியை மட்டும் 'அது எதுக்கு, வீட்லயே நடந்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். பிறகு மூட்டு இறுகிப்போய், சம்மணம் போட முடியவில்லை, தறியில் உட்கார முடியவில்லை என்று மறுபடி அலைவார்கள்.

1972-ல் மேரி வர்கீஸுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986 டிசம்பரில் 61 வயதில் காலமானார். விபத்து நடந்து 32 வருஷம் கழித்து. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் சில மாதமோ சில வருஷமோ தாங்குவதே பெரிது என்றிருந்த நாட்டில் 32 வருஷம்.

பாகாயம் மையத்துக்கு இப்போது அவர் பெயர்தான். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பழைய நோயாளிகள் மறுபடி வந்து கூடும் 'ரிஹாப் மேளா' அங்கே நடக்கிறது. ஒரே நாளில் அத்தனை வீல்சேர்கள் ஒன்றாக வந்து நிற்கும், விளையாட்டுப் போட்டிகள்கூட உண்டு. ஆரணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பாகாயம் ஸ்டாப்பிங் வலது பக்கமா இடது பக்கமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.