வணிகர் வீதியில் ஒரு மாங்கனி

காரைக்கால் பாரதியார் சாலை இன்று கடைகளின் சாலை. திண்ணை வைத்த வீடுகள் குறைந்து மாடிக் கடைகள் மிகுந்துவிட்டன. வீதியை ஒட்டிய மனைக்கு உள்ள கிராக்கி உட்புறத்து மனைக்கு இல்லை. இந்தச் சாலையிலேதான் காரைக்கால் அம்மையாருக்குக் கோயில் இருக்கிறது. வியாபாரம் பெருகும் வீதியில் அவர் குடிகொண்டிருப்பது பொருத்தமே. அவரும் வணிகர் வீட்டுப் பெண்தான். அவருடைய வாழ்வைத் திசைதிருப்பியதும் கணவனுடைய கடையிலிருந்து வந்த இரண்டு மாம்பழங்கள்தான்.

செல்வ மகள்

அம்மையார் திருஞானசம்பந்தருக்கு முற்பட்டவர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அவருடைய வரலாற்றை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரிவாகப் பாடினார்.

அந்நாளில் காரைக்கால் கப்பல் வாணிபத்தில் செழித்த பட்டினம். அங்கே வணிகர் தலைவனாக விளங்கிய தனதத்தனுக்கு ஒரே மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணம் செய்து கொடுத்தார்கள். அருமை மகளை நாகைக்கு அனுப்பத் தந்தைக்கு மனம் வரவில்லை. தம் மாளிகைக்குப் பக்கத்திலேயே தனி வீடு அமைத்துக் கொடுத்தார். மருமகன் தொழில் நடத்தப் பெரும் பொருளும் தந்தார். வியாபாரம் வளர்ந்தது. வீட்டில் சிவனடியார்களுக்கு அமுதும் ஆடையும் குறைவின்றி வழங்கிவந்தார் புனிதவதியார்.

கணக்கில் வராத பழம்

ஒரு நாள் கடைக்கு வந்தவர்கள் பரமதத்தனிடம் இரண்டு மாங்கனிகள் கொடுத்தார்கள். அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்பினான். அப்போது பசியோடு ஓர் அடியார் வந்தார். கறியமுது இன்னும் ஆகவில்லை. அம்மையார் சோற்றோடு ஒரு மாங்கனியைப் படைத்து அவர் பசி தீர்த்தார்.

நண்பகலில் கணவன் உண்ண வந்தான். எஞ்சியிருந்த பழத்தைச் சுவைத்தவன் மற்றதையும் கேட்டான். அம்மையார் உள்ளே சென்று இறைவனை நினைத்து உருகினார். அவர் கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை முந்தியதை விட மேலாக இருக்கவே, அது எங்கே கிடைத்தது என்று பரமதத்தன் வினவினான். கணவனிடம் பொய் சொல்ல அந்த உத்தமி விரும்பவில்லை. நடந்ததைச் சொன்னார். அவன் நம்பவில்லை, இன்னொன்று வரவழைக்கச் சொன்னான். அதுவும் வந்தது. ஆனால் அவன் கையில் பட்டதும் மறைந்துபோயிற்று.

பொருளை எண்ணியும் நிறுத்தும் பழகிய வணிகன் நடுங்கிவிட்டான். மனைவியைத் தெய்வமென்று எண்ணினான். அவரோடு இல்வாழ்க்கை நடத்த அஞ்சினான். வாணிபத்தைக் காரணம் காட்டிக் கப்பல் ஏறினான். பெரும் பொருள் ஈட்டிப் பாண்டிநாட்டுத் துறைமுக நகர் ஒன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான்.

உதறிய அழகு

இதை அறிந்த சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் அங்கே அழைத்துச் சென்றனர். பரமதத்தனோ மனைவியோடும் மகளோடும் வந்து அவர் காலில் விழுந்தான். அவரைத் தெய்வமாக வணங்கும்படி உறவினரையும் வேண்டினான்.

கணவனுக்காகவே காத்துவந்த அழகுக்கு இனி என்ன வேலை? தசைப்பொதியை நீக்கிப் பேய் வடிவம் தரும்படி இறைவனை வேண்டினார், பெற்றார். கயிலையில் காலால் நடக்க அஞ்சித் தலையால் நடந்தார். அவரை இறைவன் அம்மை என்று அழைத்தான் என்கிறது புராணம். பிறகு திருவாலங்காட்டில் ஆடலைக் கண்டு பாடி அமர்ந்தார்.

அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டுப் பதிகங்கள் இரண்டு ஆகியவை அவர் தந்த செல்வம். அவை பதினோராந் திருமுறையில் சேர்ந்துள்ளன. அறுபத்து மூவர் வரிசையில் அமர்ந்த கோலத்தில் இருப்பவர் அவர் ஒருவரே.

விலையில்லாத நாள்

காரைக்காலின் வாணிபம் பின்னர் பல கை மாறியது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 2009-இல் அருகே வாஞ்சூரில் புதிய துறைமுகம் திறந்தது. திருநள்ளாற்றுக்கு வரும் யாத்திரிகர் கூட்டமும் ஊர் வியாபாரத்துக்குக் கை கொடுக்கிறது. கடைகள் பெருகுகின்றன.

ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் அந்த வீதியின் வழக்கம் மாறிவிடும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. புனிதவதியார் திருமணம் முடிந்த பின், பிட்சாடன மூர்த்தி பவழக்கால் சப்பரத்தில் உலா வருகிறார். வீட்டு மாடிகளிலிருந்தும் கடை மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் அவற்றை மடியில் ஏந்திக்கொள்கிறார்கள். காலையில் பேரம் பேசி வாங்கிய பழத்துக்கு அப்போது விலை இல்லை. பசித்து வந்தவருக்கு அம்மையார் கொடுத்த பழமும் கணக்குப் பார்த்துக் கொடுத்ததல்லவே!