ஜின்னாபாய் வீட்டு மூத்த பிள்ளை

முகம்மது அலி ஜின்னா என்றால் நம்மில் பெரும்பாலோர்க்குப் பாகிஸ்தான்தான் நினைவுக்கு வரும். அந்த அரசியலை எடைபோட நான் இங்கு வரவில்லை. குடும்பம் ஒரு கனவைக் கையில் கொடுத்து வெளியூருக்கு அனுப்பிய பிள்ளை அவர். மாணவ நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள்!

ஜின்னா 1876-இல் கராச்சியில் பிறந்தார். தந்தை ஜின்னாபாய் பூஞ்சா வணிகர், தாய் மிதிபாய். பூர்வீகம் கத்தியவார்ப் பகுதியில் பானேலி என்னும் சிற்றூர். வீட்டு மொழி குஜராத்தி. அவர்கள் இஸ்மாயிலி கோஜாக்கள். நம் செட்டியார்களைப் போல வணிகத்தில் ஊறிய சமூகம் அது. முன்னோர் இந்துக்களாக இருந்து இஸ்லாத்தைத் தழுவியவர்கள். ஆகாகானை இமாமாக ஏற்று, ஜமாத்கானாவில் கூடித் தொழுபவர்கள். திருமணம் முதல் சொத்துரிமை வரை ஜமாத்தின் வழக்கமே அன்று சட்டமாக இருந்தது.

தந்தையோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த ஆங்கில நிறுவனம் ஒன்று பையனை லண்டனில் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னது. தாய்க்கோ அச்சம். அங்கே வெள்ளைக்காரப் பெண் யாரையாவது கட்டிக்கொண்டால்? ஆகவே பானேலியில் எமிபாய் என்னும் சிறுமியைப் பார்த்து மணமுடித்த பிறகே கப்பலேற்றினார். சிகாமட்டிலிருந்து நான் பேருந்தேறிய நாளில் என் அம்மா வாங்கிய சத்தியங்களில் கல்யாணம் இல்லை. ஆனால் அத்தனையும் அதைச் சுற்றியே இருந்தன!

லண்டனில் கணக்கெழுதும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. அதை விட்டு 1893-இல் லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். நாடகக் குழுவில் நடிக்கவும் ஒப்புக்கொண்டார். தந்தையிடமிருந்து கண்டிப்பான கடிதம் வந்ததும் மேடையைக் கைவிட்டார். சட்டத்தை விடவில்லை. பெயரின் இறுதியிலிருந்த 'பாய்' என்ற ஒட்டையும் விண்ணப்பம் கொடுத்து நீக்கிக்கொண்டார். அவர் திரும்புவதற்குள் எமிபாயும் தாயும் இறந்துவிட்டனர்.

1896-இல் பாரிஸ்டராகி, பம்பாயில் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளில் இஸ்மாயிலிப் பிரிவை விட்டு விலகி, பன்னிரு இமாம்களை ஏற்கும் கோஜாக்களோடு சேர்ந்தார். சகோதரிகளைச் சமூகத்திற்கு வெளியே மணமுடித்ததில் எழுந்த சிக்கலே காரணம் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முஸ்லிம் லீக்கின் முதல் தலைவரான மூன்றாம் ஆகாகானும் கராச்சியில் பிறந்தவர்தான், 1877-இல். எந்த இமாமின் ஜமாத்தை விட்டு வந்தாரோ, அவரோடுதான் ஜின்னா பின்னாளில் அரசியல் மேடைகளில் அமர வேண்டியிருந்தது.

1918-இல் ரத்தன்பாயை மணந்தார். அவர் பார்சி செல்வந்தர் சர் தின்ஷா பெட்டிட்டின் மகள். தந்தை நீதிமன்றத் தடை வாங்கினார். பெண் பதினெட்டு வயது நிறையும் வரை காத்திருந்து, இஸ்லாத்தைத் தழுவி வீட்டைவிட்டு வந்தார். பார்சிகள் அவரை ஒதுக்கினர். மணவாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. 1929-இல், தமது 29-ஆம் பிறந்தநாளன்று ரத்தன்பாய் இறந்தார்.

என்னை அதிகம் உறுத்துவது இதற்குப் பிறகு நடந்தது. மகள் தீனா, பார்சிக் குடும்பத்தில் பிறந்த நெவில் வாடியாவை மணக்க விரும்பியபோது ஜின்னா கடுமையாக எதிர்த்தார். அவரிடம் இளம் வழக்கறிஞராகப் பணியாற்றிய எம். சி. சாக்ளா (இவரும் இஸ்மாயிலி கோஜாவே) இதைப் பதிவு செய்திருக்கிறார். தாயும் முஸ்லிமாகப் பிறந்தவர் அல்லவே என்று மகள் திருப்பிக் கேட்டாராம். அப்போதும் தந்தை இளகவில்லை. 1938-இல் தீனா தாம் விரும்பியவரையே மணந்தார்.

வழக்கத்தை மீறிய மகனும் தந்தையானதும் ஜமாத்தின் குரலிலேயே பேசினாரா? அல்லது முஸ்லிம்களின் தலைவர் என்ற புதிய வேடம் அவரை அப்படிப் பேச வைத்ததா? இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

1948 செப்டம்பர் 11-இல் ஜின்னா மறைந்தார். வீட்டிற்குள் ஷியா முறைப்படி ஒரு தொழுகை. வெளியே பெருந்திரளாகச் சுன்னி அறிஞர் தலைமையில் இன்னொன்று. அவர் எந்தப் பிரிவினர் என்று சொத்துக்காக நீதிமன்றத்தில் பல்லாண்டு வாதாடினார்கள். இறுதிச் சடங்கிற்குக் கராச்சி வந்த தீனா பம்பாய்க்கே திரும்பினார். 2004-இல் மகனோடும் பேரன்களோடும் தந்தையின் கல்லறைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 84.