இடியைத் தேடியவர்

விமானம் என்றதும் ரைட் சகோதரர்கள் நினைவுக்கு வருவார்கள். வானில் பறப்பதைத் தரையிலிருந்தே காணும் ரேடாருக்குப் பின்னால் உழைத்தவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பொறியியல் மாணவனான நானே ராபர்ட் வாட்சன்-வாட் என்ற பெயரை இரண்டாம் ஆண்டு விரிவுரையில்தான் கேட்டேன். அதுவும் ஒரே வரியில் கடந்து போனது.

1892இல் ஸ்காட்லாந்தின் பிரெக்கின் என்ற சிற்றூரில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். டண்டீயில் பொறியியல் பயின்று, 1915இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். மின்னல் வெட்டும்போது வானொலியில் கரகரப்பு எழுமல்லவா? அது வரும் திசையைக் கண்டறிந்தால், இடிமழையைப் பற்றி விமானிகளை முன்கூட்டியே எச்சரிக்கலாம். இதிலேயே பல ஆண்டுகள் உழைத்தார்.

1935இல் பிரிட்டிஷ் விமான அமைச்சு அவரிடம் விந்தையான கேள்வி ஒன்றைக் கேட்டது. வானொலி அலையால் எதிரி விமானியைக் கொல்ல முடியுமா? உதவியாளர் ஆர்னல்ட் வில்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். முடியாது, ஆனால் விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு அது வருவதை அறியலாம் என்றார். பிப்ரவரி 26ஆம் நாள், டேவன்ட்ரி வானொலி நிலையத்தின் அலைகளுக்கு நடுவே ஒரு குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். சுமார் 13 கிலோமீட்டர் தொலைவு வரை அதன் தடம் திரையில் தெரிந்தது.

எதிரொலிக்கும் அலையை முதலில் எண்ணியவர் இவர் அல்லர். 1904லேயே ஜெர்மானியரான ஹுல்ஸ்மயர் அவ்வாறு கப்பலைக் கண்டறிந்து காட்டினார். வாட்சன்-வாட்டின் பெருமை, என் பார்வையில், அவருடைய அவசரத்தில் இருக்கிறது. குறையற்ற கருவிக்காகக் காத்திருந்தால் போர் முந்திக்கொள்ளும் என்று அஞ்சி, கைக்கு எட்டியதைக் கொண்டே கடற்கரையோரம் கோபுரங்களை எழுப்ப வைத்தார். 1939இல் போர் மூண்டபோது சுமார் 20 நிலையங்கள் தயாராக இருந்தன.

ஆனால் கண்டால் மட்டும் போதுமா? நிலையத்தில் இருந்தவர்கள் தொலைபேசியில் தலைமையகத்துக்குச் சொல்ல வேண்டும். அங்கே செய்தியைச் சலித்துத் தளங்களுக்கு அனுப்ப வேண்டும். தளத்திலிருந்து வானொலி வழியே விமானியின் காதை எட்ட வேண்டும். இந்த ஒழுங்கை அமைத்ததில் தளபதி டௌடிங்கின் பங்கே பெரிது. 1940இல் லண்டன் வானத்தைக் காத்ததில் இந்தத் தொலைபேசிக் கம்பிகளுக்கும் பங்குண்டு.

அதற்கு முன் ஒரு துயரம் நடந்தது. 1939 செப்டம்பர் 6ஆம் நாள், தம் சொந்த விமானங்களையே எதிரி என்று எண்ணி இரண்டைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். இளம் விமானி ஒருவர் மாண்டார். நம்மவரா எதிரியா என்று பிரித்தறியும் வழி வேண்டும் என வாட்சன்-வாட் 1935லேயே எழுதியிருந்தார். அந்தக் கருவி அன்று மிகச் சில விமானங்களிலேயே இருந்தது. இன்று பயணிகள் விமானங்கள் தரையிலிருந்து வரும் கேள்விக்குத் தாமே விடையளிப்பது அந்தக் கருவியின் வழிவந்த முறையில்தான்.

1942இல் சர் பட்டம் பெற்றார். பின்னாளில் கனடாவில் வேகமாகக் கார் ஓட்டி, போலீசாரின் ரேடாரிடமே பிடிபட்டு அபராதம் கட்டினார். சம்மன் வாங்கிய நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்! 1973இல் ஸ்காட்லாந்திலேயே காலமானார்.