வைத்தியர் லாங்டன் டவுன் காட்டிய வழி

சொன்னதை உடனே திருப்பிச் சொல்லும் பிள்ளையையே அறிவுள்ள பிள்ளையெனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வாறு சொல்ல இயலாத பிள்ளைகள் ஒன்றுக்கும் உதவாதவர்கள் என ஒதுக்கப்படுகின்றனர். அத்தகையோருக்காகவே தமது வாழ்வை அர்ப்பணித்த வைத்தியர் ஜோன் லாங்டன் டவுனை இங்கு நினைவுகூருவது பொருத்தமாகும்.

1828 இல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பிரதேசத்தில் பிறந்த அவர், இளமையில் தந்தையாரின் கடையில் பணிபுரிந்து, பின்னரே இலண்டனில் மருத்துவம் பயின்றார். திறமையான வைத்தியரெனப் பெயர்பெற்றிருந்தும், 1858 இல், பிறர் விரும்பாத ஏர்ள்ஸ்வுட் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். அறிவு வளர்ச்சி குன்றியோர் அடைத்து வைக்கப்பட்ட அக்காலத்தில், அவர்களுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்தார்.

இன்று டவுன் சிண்ட்ரோம் எனப்படும் நிலையை 1866 இல் முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் அவரே. ஆயினும், முகச்சாயலை வைத்து அந்நிலைக்கு மொங்கோலிய இனத்தின் பெயரைச் சூட்டியமை பெருந்தவறாகும். இருபத்தோராவது நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருப்பதே காரணமென 1959 இல் நிறுவப்பட்டது. மொங்கோலியாவின் வேண்டுகோளையடுத்து, 1965 இல் உலக சுகாதார ஸ்தாபனம் அப்பெயரைக் கைவிட்டது.

பெயரிட்டதில் தவறிய அவர், மனிதரை அவதானித்ததில் தவறவில்லை. இப்பிள்ளைகளிடம் நகைச்சுவை உணர்வும் பிறரைப் பார்த்து அவ்வாறே செய்துகாட்டும் ஆற்றலும் உண்டென்பதையும், பயிற்சியினால் பேச்சு மேம்படுமென்பதையும் அவர் பதிவுசெய்தார். 1868 இல் மனைவி மேரியுடன் நோர்மன்ஸ்பீல்ட் இல்லத்தை ஆரம்பித்து, 1879 இல் அங்கு நாடக அரங்கொன்றையும் திறந்தார். அறிவு வளர்ச்சி குன்றியோர் சிலரிடம் வியத்தகு ஞாபகசக்தி இருப்பதை 1887 இல் தமது விரிவுரைகளில் எடுத்துக்காட்டினார்.

டவுன் சிண்ட்ரோம் உடையோருக்குச் செவிவழி கேட்டதைச் சிறிது நேரம் மனதில் இருத்துவது கடினமென்றும், கண்ணால் கண்டதை இருத்துவது ஒப்பீட்டளவில் எளிதென்றும் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. எனவே நீண்ட கட்டளைகளைத் தவிர்த்து, படங்களாலும் சைகைகளாலும், ஒவ்வொரு படியாகத் திரும்பத் திரும்பக் கற்பிப்பதே தகும்.

1896 இல் டவுன் காலமானார். ஒன்பது ஆண்டுகளின் பின் பிறந்த அவரது பேரனுக்கும் இதே நிலை காணப்பட்டது. எக்குடும்பத்திலும் இத்தகைய பிள்ளை பிறக்கலாம். மறந்துவிட்டாய் எனப் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், நாம் கற்பித்த முறை சரிதானா எனப் பெற்றோரும் ஆசிரியரும் சிந்திப்பார்களாக.