தையல்காரர் மகனும் பதினைந்து செகண்ட் பாட்டும்

ரீல்ஸ் பார்த்துட்டு இருக்கீங்க. யாரோ மழையில் பைக் ஓட்டுற வீடியோ. பின்னணியில் பதினைந்து செகண்டுக்கு ஒரு பாட்டு. என்ன மொழின்னே தெரியல, ஆனா மனசுல ஒட்டிக்குது. ஷசாமை ஆன் பண்றீங்க. சில செகண்டில் பாட்டு பேர், பாடினவர் பேர், ஆல்பம் எல்லாம் திரையில் வந்துடுது. இந்த மேஜிக்குக்குப் பின்னாடி 1830-லேயே இறந்துபோன ஒருத்தர் இருக்கார். அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எம்-3 பேப்பரில் அவர் பேரைப் பார்த்து வயிறு கலங்கியிருக்கும். ஆமாங்க, ஜோசப் ஃபூரியர் தான்!

1768 மார்ச் 21, பிரான்சில் ஆக்ஸேர் என்ற ஊரில் ஒரு தையல்காரர் மகனாகப் பிறந்தார் ஃபூரியர். பத்து வயசு வாக்கிலேயே அம்மா, அப்பா இருவரையும் இழந்துட்டார். ஊரில் பாதிரியார்கள் நடத்திய ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கேதான் கணக்குப் பைத்தியம் பிடிச்சது. பீரங்கிப் படையில் சேர ஆசைப்பட்டார். கணக்கு தெரிஞ்சவங்களுக்கு அங்கே மதிப்பு அதிகம். ஆனா பிரபுக்கள் குடும்பத்தில் பிறக்கலைன்னு சொல்லி மறுத்துட்டாங்க. மார்க் இருந்தும் பிறப்பு குறுக்கே நின்ற கதை. அடுத்து ஒரு மடத்தில் துறவியாகப் பயிற்சி எடுத்தார். அதையும் பாதியில் விட்டுட்டு, படிச்ச பள்ளிக்கே வாத்தியாராகத் திரும்பினார்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. பிறப்பைப் பார்த்துக் கதவை மூடிய ஆட்சி விழுந்ததும் ஃபூரியரும் புரட்சியில் இறங்கினார். ஆனா அரசியல் அவரை சும்மா விடல. 1794-ல் கைது செய்யப்பட்டார். கில்லட்டின் தினம் தினம் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஜூலையில் ரோபஸ்பியரின் தலையே உருண்டது, ஃபூரியர் வெளியே வந்தார். ஆட்சி மாற இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருந்தால் நமக்கு ஃபூரியர் சீரிஸ் என்ற பாடமே இருந்திருக்காதோ என்னவோ (சிலருக்கு சந்தோஷமா இருந்திருக்கும், தெரியும்!).

அடுத்த வருஷமே பாரிசில் லக்ராஞ்சு, லாப்லாஸ் போன்ற ஜாம்பவான்களிடம் படிச்சார். 1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார். 1801-ல் திரும்பி வந்தவரை நெப்போலியன் கிரெனோபிளுக்கு அனுப்பினார். பதவி, நம்ம ஊர் கலெக்டர் மாதிரி. பூர்குவான் பகுதி சதுப்பு நிலத்தை வடிய வைப்பது, மலைகளுக்கு நடுவே ரோடு போடுவது எல்லாம் அவர் வேலை. இதுக்கு நடுவுலதான் அவர் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டினார். ஒரு இரும்பு வளையத்தை ஒரு இடத்தில் சூடாக்கினால், அந்தச் சூடு எப்படிப் பரவும்?

அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி இதுதான். சூடு எப்படி ஏறி இறங்கினாலும், அதைப் பல சைன், காஸ் அலைகளின் கூட்டலாக எழுதலாம். ஒவ்வொரு அலையும் எப்படி அடங்கும்னு தனித்தனியா கணக்குப் போட்டு, கடைசியில் சேர்த்துக்கலாம். 1807-ல் இதை எழுதி பாரிசுக்கு அனுப்பினார். சோதித்த குழுவில் அவருடைய பழைய வாத்தியார்கள் லக்ராஞ்சும் லாப்லாசும் இருந்தாங்க. லக்ராஞ்சு ஒத்துக்கவே இல்லை. வழவழன்னு இருக்கிற அலைகளைக் கூட்டினால் முனையும் உடைசலும் உள்ள வளைவு எப்படி வரும்? நியாயமான கேள்விதான். ஃபூரியரிடம் முழு நிரூபணம் இல்லை. 1811-ல் திரும்ப எழுதி அனுப்பினார். பரிசு கொடுத்தாங்க, ஆனா நிரூபணம் போதாதுன்னு குறையும் சேர்த்தே சொன்னாங்க. அவர் விடல. 1822-ல் தன் ஆராய்ச்சியைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். முதல் பேப்பருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் 15 வருஷம்!

லக்ராஞ்சின் கேள்விக்கு ஒழுங்கான பதிலை 1829-ல் டிரிக்லே கொடுத்தார். ரெண்டு மார்க் கேள்வியில் எழுதுவீங்களே டிரிக்லே கண்டிஷன்ஸ், அதேதான். அடுத்த வருஷம் மே 16-ல் ஃபூரியர் பாரிசில் காலமானார்.

சரி, பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உங்க போன் மைக் கேட்பது எல்லாம் கலந்த ஒரே ஒரு கோணல்மாணல் அலை. அதைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த ஃப்ரீக்வென்சி இருக்குன்னு ஃபூரியர் முறையில் பிரிக்கிறாங்க. 1965-ல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட எஃப்.எஃப்.டி. வழியால்தான் கம்ப்யூட்டர் இதை வேகமா செய்யுது. அதில் பலமான உச்சிப் புள்ளிகளை மட்டும் வெச்சுக்கிட்டு மற்றதை விட்டுடுவாங்க. வானத்தில் பளிச்சுன்னு தெரியும் நட்சத்திரங்கள் மாதிரி. பஸ் ஹாரன், பக்கத்து சீட் பேச்சு எல்லாம் கலந்தாலும் அந்தப் புள்ளிகளில் நிறைய தப்பிச்சிடும். ரெண்டு ரெண்டு புள்ளியா ஜோடி சேர்த்து, அவற்றின் ஃப்ரீக்வென்சியையும் இடையிலான நேரத்தையும் ஒரு கைரேகையாக்கித் தேடுவாங்க. ஒரே பாட்டில் பல கைரேகைகள் அதே கால வரிசையில் பொருந்தினால், அதுதான் நீங்க தேடின பாட்டு. 2002-ல் இங்கிலாந்தில் ஷசாம் தொடங்கியபோது ஆப் எல்லாம் கிடையாது. 2580-க்கு போன் போட்டு பாட்டைக் கேட்க வைத்தால், பதில் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும்.

ஒரு டிப்ஸ்: ரீல்ஸில் பாட்டை வேகமாக்கிப் போட்டிருந்தால் ஃப்ரீக்வென்சியும் இடைவெளியும் மாறிடும், அதனால் ஷசாம் சில சமயம் கையை விரிக்கும். எடிட் ஆப்பில் வேகத்தைக் குறைச்சு மறுபடி முயற்சி பண்ணுங்க.

ஃபூரியர் பாட்டுக்காக எதையும் கண்டுபிடிக்கல. அவர் பார்த்தது ஒரு இரும்பு வளையத்தின் சூடு மட்டும்தான். இன்டர்னல்ஸுக்கு ஏ நாட், ஏ என், பி என் மனப்பாடம் பண்ணும்போது அந்த 15 வருஷத்தையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் உங்க ஐடியாவைத் திருப்பி அனுப்பினாங்கன்னா, அவங்க கேட்ட கேள்வியை எழுதி வெச்சுக்கோங்க. ஐடியாவை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.