மரங்களை வரைந்தவர், ஓவியர்களுக்கு ஊர் அமைத்தவர்: கே.சி.எஸ். பணிக்கர்



மாலையில் தாமல் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சூரியன் இறங்கும்போது மரங்கள் கறுத்துத் தெரியும், தண்ணீர் செம்மஞ்சளாக மின்னும். உடனே கைப்பேசியில் ஒரு படம் எடுப்பீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், நேரில் மனதில் பட்ட நிறம் அதில் இருக்காது.

அந்த மனதில் பட்ட நிறத்தை வரைய முயன்றவர்கள்தான் 1880-களில் பிரான்சில் இருந்த சில ஓவியர்கள். அவர்களைப் பின்-இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் என்கிறோம். அவர்களில் ஒருவரான வான் கோ 1888-ல் சூரியன் மறையும் வேளையில் நிற்கும் மொட்டை மரங்களை வரைந்தார். அடிமரம் நீலம், கிளைகள் சிவப்பு, வானமெங்கும் மஞ்சள் கோடுகள். கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஆனால் பார்த்தவுடன் அந்த மாலையின் வெப்பம் நமக்குப் புரிந்துவிடும்.

வான் கோ, கோகன் போன்றவர்களின் வண்ணங்களால் ஈர்க்கப்பட்டு, பிறகு தமக்கென ஒரு வழி கண்டவர் நம் சென்னையில் வாழ்ந்த கே.சி.எஸ். பணிக்கர்.

1911 மே 31 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். கேரளத்தில் பொன்னானிப் பக்கம் பள்ளியில் படித்தார். அங்கிருந்த தென்னை மரங்களும் நீர்நிலைகளும் பச்சை வயல்களும் சிறு வயதிலேயே அவரை வரைய வைத்தன. பதின்ம வயது முடிவதற்குள் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவர் ஓவியம் இடம்பெற்றது.

ஆனால் ஓவியம் சோறு போடவில்லை. தந்தை இறந்த பிறகு குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தார், காப்பீட்டு முகவராகவும் இருந்தார். ஆசையைக் கைவிடாமல் 1936-ல், 25 வயதில், சென்னை அரசு கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அதன் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான்.

படிப்பை முடித்த பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-ல் ஐரோப்பா சென்று கண்காட்சிகள் நடத்தினார். 1957-ல் கலைப் பள்ளியின் முதல்வரானார். மேல்நாட்டு வழியில் வரைந்துகொண்டிருந்தவருக்கு, நம் மண்ணுக்குரிய ஓவியம் எது என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. 1963-ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் அவர் ஒரு விடை கண்டார். ஜாதகக் கட்டங்கள், மலையாள எழுத்துகள், கணக்குக் குறிகள் எல்லாம் அவருடைய ஓவியத்துக்குள் வந்தன.

அதே காலத்தில் இன்னொரு கேள்வியும் அவரை வாட்டியது. திறமையுள்ள மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தாம் இளமையில் பட்ட அதே பாடு. ஓவியம் விற்காவிட்டால் விற்கக்கூடிய ஒன்றைச் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கைவினைச் சங்கம் அமைத்து, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். உருகிய மெழுகைத் துணியில் பூசிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இதுதான் பாத்திக். அப்படிச் சேர்த்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கினார்கள். 1966-ல் அங்கே சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது.

காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். கைத்தொழில் வயிற்றைப் பார்த்துக்கொண்டது, மீதி நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கிடைத்தது. கலைக்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, பிழைப்புக்காகக் கலையை விடவும் வேண்டியதில்லை என்று காட்டினார்கள்.

1967-ல் ஓய்வு பெற்ற பணிக்கர் கடைசிவரை அந்தக் கிராமத்தோடு இணைந்திருந்தார். 1977 ஜனவரியில் மறைந்தார். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவருடைய ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. சோழமண்டலமும் ஓவியர்களே நடத்தும் ஊராக இன்றும் இயங்குகிறது.

உங்கள் வீட்டில் வரையும் பிள்ளை இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். விடுமுறையில் ஒருநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சோழமண்டலத்துக்கு அழைத்துப் போங்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை மரத்துக்கு நீலம் பூசினால், மரம் பச்சையாகத்தானே இருக்கும் என்று திருத்தாதீர்கள். ஏன் நீலம் என்று கேளுங்கள்.